பூட்டிய படலையின் சொந்தக்காரி



தைப்பொங்கல் கழிந்த ஒரு பிற்பகலில் நான்கு பெண்கள் எமது அலுவலகத்துக்கு வந்தார்கள். நால்வரும் பெண் தலைமைத்துவக் குடும்பத்தவர்கள். வாங்கில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, மூத்தவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"மிஸ், எங்களுக்கு ஒரு வீடு வேணும். நாலு குடும்பமும் ஒண்டா இருக்கக்கூடிய வீடு."

நால்வரும் வலிகாமத்தில் ஒரு வாடகை வீட்டில் ஆளுக்கொரு அறையாக ஆறு வருடம் இருந்தவர்கள். வீட்டுக்காரரின் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. ஆனிக்கு முன் வீட்டை விடவேண்டும். தனித்தனியாகத் தேடினால் நாலு அறை எங்கேயாவது கிடைக்கும். ஆனால் அவர்களுக்கு அது சரிவராது. இளையவள் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியற்காலை பஸ் ஏறுகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது, 2009 இல் ஒரு காலை இழந்து வீட்டிலிருந்து தையல் தைக்கும் அக்கா. தையல் அக்காவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும் அவள் தைத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் மூத்தவர். கணவர் காணாமற்போன மற்றவள் அரச அலுவலகங்களுக்கு அலைந்து பழகியதால், நால்வருக்கும் உரிய கடிதங்களையும் படிவங்களையும் அவளே பார்க்கிறாள். ஒருத்தியை எடுத்துவிட்டால் மற்ற மூவரின் சீவியமும் குழம்பிவிடும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, குடும்பம் என்பதற்கு எத்தனையோ வரைவிலக்கணங்களை மனனம் செய்தேன். இந்த நால்வரின் குசினிக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. ஆனாலும் அது ஒரு குடும்பம்தான்.

பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தோம். தரகர்களிடம் கேட்டோம். "நாலு குடும்பமோ? நாலும் பொம்பிளையளோ? ஒருத்தரும் தரமாட்டினம் தங்கச்சி" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். விற்பனைக்கோ வாடகைக்கோ என்று பலகை போட்ட வீடு ஒன்றும் எமக்கு அகப்படவில்லை. ஆனால் நாம் தேடி நடந்த அந்த ஒழுங்கைகளிலேயே பூட்டிய வீடுகள் ஒன்றிரண்டல்ல. முற்றத்தில் பற்றை, கூரையில் அரசங்கன்று, படலையில் கறள் பிடித்த பூட்டு. விளம்பரத்தில் இல்லாத வீடு என்றால் சொந்தக்காரர் இல்லாத வீடு என்று அர்த்தமில்லை. யாரும் போய்க் கேட்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

"இறங்கி இருங்கோ"

இந்த இடத்தில்தான் ஊரில் ஒரு பெரியவர் எமக்கு ஆலோசனை சொன்னார். "ஏன் பிள்ளை சொந்தக்காரரைத் தேடுறியள்? எல்லாரும் கனடாவிலை. பூட்டை உடைச்சு இறங்கி இருங்கோ. பத்து வருசம் இருந்தால் காணி உங்கடை."

நால்வரில் இருவருடைய முகம் மாறியதைக் கண்டேன். வேறு வழி இல்லாதவர்களுக்கு அந்த வார்த்தை எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு அவர்களுக்கு என் அம்மாவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்கு ஆறு வயது. அங்கிருந்து நாங்கள் வன்னிக்குப் போனோம். ஏ9 பாதை 2002 இல் திறந்து, அடுத்த வருடம் எமது வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, உள்ளே மூன்று குடும்பங்கள் இருந்தன. அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். அம்மா படலையில் நின்று, "இது என்ரை வீடு" என்று சொன்னா. உள்ளே இருந்த ஒருவர், "அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்டார். எங்கள் பெரியம்மா இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தா. நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம் என்பது ஊருக்கே தெரியும். யாரிடமாவது ஒரு சொல் கேட்டு அனுப்பியிருக்கலாம்.

எட்டு மாதத்தின் பின் கிராம அலுவலர் முன்னிலையில் பேசி இரண்டு குடும்பங்கள் வெளியேறின. சின்னக் குழந்தையோடு இருந்த ஒரு விதவைப் பெண்ணை மாத்திரம் அம்மா பின்னறையில் மேலும் இரண்டு வருடம் இருக்க விட்டா. "இருந்தது எனக்குக் கோவமில்லை. கேட்டிருந்தால் நானே திறப்பைக் குடுத்திருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை" என்று இன்றைக்கும் சொல்லுவா.

அந்தப் பெரியவர் சொன்ன பத்து வருடக் கணக்கு முழுப் பொய்யுமல்ல. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னொருவரின் காணியை அவருடைய உரிமைக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். ஆனால் அனுமதியோடு வந்தவரும் வாடகைக்கு வந்தவரும் வெறுமனே பத்து வருடம் இருந்ததைக் கொண்டு அப்படிக் கோர முடியாது. இந்தச் சட்டத்தால் இழந்தவர்களில் எம்மைப் போன்ற இடம்பெயர்ந்தவர்கள் பலர் என்பதால்தான், 1983 முதல் 2009 வரை போரினால் தமது காணியைக் கவனிக்க முடியாமற் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்க விசேட சட்டம் ஒன்று வந்தது. அதில் கொடுக்கப்பட்ட இரண்டு வருட அவகாசமும் முடிந்துவிட்டது. எம் வீட்டைப் பறித்த அதே வழியால் நாம் இன்னொருத்தியின் வீட்டுக்குள் நுழையலாமா? நால்வரும் நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு மூத்தவர், "சரி மிஸ், கேட்டுப் பாப்பம்" என்றார்.

தேடிய விதம்

முதலில் நாம் வீட்டைத் தெரிவு செய்தோம். பூட்டிக் கிடப்பதெல்லாம் எமக்கு உதவாது. குறைந்தது நாலு அறை, நாலு அடுப்பு வைக்கத் தாழ்வாரம், வற்றாத கிணறு, இரண்டு மலசலகூடம் அல்லது கட்ட இடம், தையல் அக்கா ஏறி இறங்கக்கூடிய படி. பழைய நாற்சார் வீடுகள் இதற்கு நல்லவை. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் இருப்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் வரும். மதிலுக்கு வெளியே நின்று பார்த்து மூன்று வீடுகளைக் குறித்தோம். ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை.

அடுத்தது அயலவர். நாம் போய் "இது ஆற்றை வீடு?" என்று கேட்டால் சந்தேகப்படுவார்கள். ஆகவே நாம் யார், எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொன்னோம். மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி தன் காணி உறுதியைக் கொண்டுவந்து காட்டினா. சகோதரிகளே, இது மிகவும் பயனுள்ள விடயம். யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் இருக்கும். நாலு எல்லையும் எழுதி, ஒவ்வொரு எல்லையிலும் இருப்பது யாருடைய ஆதனம் என்றும் எழுதியிருக்கும். ஆச்சியின் உறுதியில் மேற்கு எல்லையாக எழுதப்பட்டிருந்த பெயர்தான் எமக்குக் கிடைத்த முதல் நூல்முனை.

கோயிலிலும் கேட்டோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டைப் பார்க்காவிட்டாலும் திருவிழா உபயத்தை விடமாட்டார்கள். எந்தத் திருவிழா யார் வீட்டு உபயம், காசு யார் மூலம் வருகிறது என்பது அங்கே தெரியும். கிராம அலுவலரிடமும் விசாரித்தோம். பிரதேச சபையில் சோலை வரி யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்டோம். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். சோலை வரிப் பற்றுச்சீட்டிலோ கரன்ட் பில்லிலோ பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகமாட்டார்.

சொந்தக்காரரைச் சொல்லும் இடம் காணிப் பதிவகம். காணியின் பெயர், ஊர், பரப்பளவு, எல்லைகள் தெரிந்தால், கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். நொத்தாரிசு முன் எழுதும் உறுதியில் மூலப்பிரதி உரியவருக்கும், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கும் போகும். ஆகவே போரில் உறுதி எரிந்துபோன பலருக்கு அங்கே பிரதி எடுக்க வழியுண்டு. உங்கள் சொந்தக் காணிக்கும் இதை நினைவில் வையுங்கள்.

நாம் பதிவகத்துக்குப் போவதற்கு முன்னரே ஒருவர் எம்மைத் தேடி வந்துவிட்டார். மூன்றாவது வீட்டின் சொந்தக்காரர் தான்தான் என்றும், ஐம்பதாயிரம் ரூபா முற்பணம் தந்தால் மறுநாளே திறப்பைத் தருவதாகவும் சொன்னார். சோலை வரிப் பற்றுச்சீட்டும் வைத்திருந்தார். ஊரும் அவரைத்தான் சொன்னது. சேமிப்புக் குழுவில் இருந்த காசை எடுத்துக் கொடுக்க இளையவள் துடித்தாள். "ரெண்டு நாள் பொறு" என்று மூத்தவர் தடுத்தார்.

பதிவேட்டில் இருந்த பெயர் அவருடையதல்ல. அவருடைய அக்காவின் பெயர். 1978 இல் தகப்பன் அவவுக்கு எழுதிய சீதன உறுதி. தேசவழமையின்படி சீதனமாக வந்த ஆதனம் அந்தப் பெண்ணுக்கே உரியது. தம்பியார் இத்தனை வருடமும் வளவைப் பார்த்து, தேங்காய் பிடுங்கி, வரியும் கட்டி வந்திருக்கிறார். அவர் கெட்ட மனுசன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அன்றைக்கு ஐம்பதாயிரத்தைக் கொடுத்திருந்தால் நால்வரும் இன்று நடுத்தெருவில் நின்றிருப்பார்கள்.

எழுதிய கடிதம்

மூன்று வீட்டுக்கும் மூன்று கடிதம் எழுதினோம். ஒருவரின் தொலைபேசி இலக்கம் கிடைத்திருந்தும் நாம் முதலில் அழைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் இரவில் அழைத்து "உங்கடை வீடு சும்மா கிடக்குது" என்று தொடங்கினால் யாருக்கும் நெஞ்சு திடுக்கிடும். கடிதம் என்றால் ஆறுதலாக வாசிக்கலாம், பிள்ளைகளோடு கதைக்கலாம், மாட்டேன் என்று சொல்லவும் வெட்கப்படத் தேவையில்லை. கையால் எழுதி, உறவினர் மூலமும் வாட்ஸ்அப்பில் படமெடுத்தும் அனுப்பினோம். மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு எழுதியது இதுதான்:

"மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நாங்கள் நான்கு பெண்கள், ஏழு பிள்ளைகளோடு ஒன்றாக இருக்கிறோம். ஆனி மாதத்தோடு நாங்கள் இருக்கும் வீட்டை விடவேண்டும். உங்கள் வீட்டை வெளியில் நின்று பார்த்தோம். உங்கள் அனுமதி இல்லாமல் உள்ளே போகவில்லை. உங்களுக்கு விருப்பமென்றால் ஐந்து வருடத்துக்கு வாடகைக்குத் தருவீர்களா? மாதம் இருபதாயிரம் ரூபா எங்களால் கட்ட முடியும். ஓட்டையும் கிணற்றையும் நாங்களே திருத்துவோம். எல்லாவற்றையும் நொத்தாரிசு முன் எழுதுவோம். அப்படி எழுதினால் வீடு உங்களுடையது என்பதை நாங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதாக இருக்கும். எங்களால் உங்கள் உரிமைக்குப் பங்கம் வராது. நாங்களும் வீடு இழந்தவர்கள். விருப்பமில்லை என்றாலும் ஒரு சொல் அறிவித்தால் போதும், மனவருத்தம் இல்லை."

கவனித்துப் பாருங்கள். யார், எத்தனை பேர், எவ்வளவு காலம், எவ்வளவு காசு என்பதெல்லாம் அதில் இருக்கின்றது. எமது துயரம் ஒரே ஒரு வரிதான். அதை நீட்டி எழுதவேண்டும் என்று இளையவள் கேட்டாள். கண்ணீரால் வீடு தருபவர் பிறகு கோபத்தால் எழுப்பியும் விடுவார் என்று மூத்தவர் சொல்லிவிட்டார்.

முதல் வீட்டுக்காரர் தமது மகன் திரும்பி வரப்போகிறார் என்று மரியாதையாக மறுத்தார். இரண்டாவது கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. ஏழு வாரம் கழித்து, சித்திரையில் ஒரு இரவு, ரொறன்ரோவிலிருந்து மூன்றாவது வீட்டு அம்மா அழைத்தா. வயது எழுபதைத் தாண்டியவர். கணவரும் காலமாகிவிட்டார். முதலில் கேட்டது வாடகையைப் பற்றியல்ல. "கிணத்தடி மாமரம் நிக்குதோ பிள்ளை?" என்றுதான்.

மாமரம் நின்றது. ஆச்சி வீட்டுப் பக்கமிருந்து படமெடுத்து அனுப்பினோம். அதன்பின் கதைக்க இலகுவாக இருந்தது. வீட்டை விற்க அவவுக்கு மனமில்லை. வாடகைக்குத் தரச் சம்மதம். இரண்டு நிபந்தனைகள் போட்டா. சுவாமி அறையைப் படுக்கை அறையாக்கக் கூடாது. தம்பியாருக்கு வழமைபோல வடக்குப் பக்கத்து இரண்டு தென்னையிலும் தேங்காய் பிடுங்க விடவேண்டும். இரண்டாவது நிபந்தனையால்தான் தம்பியாரின் கோபமும் தணிந்தது என்று நினைக்கிறேன்.

எழுத்தில் கவனிக்கவேண்டியவை

வாயால் பேசி வீடு எடுப்பதுதான் எம்மவரின் வழக்கம். ஆனால் 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிவதும் அவசியம். திருத்த வேலைக்கு ஆகும் செலவை வாடகையில் கழிப்பதென்றால் அதையும் அதிலேயே எழுதவேண்டும்.

அந்த அம்மா இங்கு வரமுடியாததால், தமது பெறாமகளுக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பினா. அது அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தினூடாக உறுதிப்படுத்தப்பட்டு, இங்கே பதிவு செய்யப்பட்டது. அற்றோணி வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அதை வாங்கி வாசியுங்கள். வாடகைக்குக் கொடுக்க மட்டும் எழுதிய அற்றோணியால் விற்க முடியாது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அற்றோணியும் முடிந்துவிடும்.

வாங்குவதாக இருந்தால் இன்னும் கூடுதலான கவனம் தேவை. குறைந்தது முப்பது வருடப் பதிவைச் சட்டத்தரணி மூலம் தேடுங்கள். ஈடு, வழக்கு, பங்காளிகள் உண்டா என்று பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட காணியானால், 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணானால், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. கணவர் காணாமற்போன சகோதரிகள் தமது சொந்த ஆதனத்தை விற்கவேண்டி வரும்போது இதனால்தான் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டியுள்ளது. தம் பெயரில் உள்ள காணிக்கே ஒரு பெண் இப்படி நிற்கவேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதைப் பற்றி வேறொரு மாதம் எழுதவேண்டும். காசு கொடுப்பதை எப்போதும் வங்கி மூலம், சொந்தக்காரரின் கணக்குக்கே கொடுங்கள். தரகர் கையில் கொடுக்கவேண்டாம்.

வைகாசி முடிவில் நால்வரும் குடிபுகுந்தார்கள். கிணறு இறைக்க இரண்டு நாள் சென்றது. ஓடு மாற்ற நினைத்ததைவிடக் கூடச் செலவாகி, சேமிப்புக் குழுவில் கடன் எடுத்திருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்கு இன்னும் கதவில்லை, சீலைதான் தொங்குகிறது. ஆனாலும் தையல் மெசின் விறாந்தையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாம்பழக் காலத்தில் பிள்ளைகள் மரத்தடியில் நின்று படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துக் கதைக்கிறா. எந்த யன்னலுக்கால் காற்று வரும், மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்று அங்கிருந்து சொல்லுகிறா.

பால் காய்ச்சிய அன்று என் அம்மாவையும் கூட்டிச் சென்றேன். அவ வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மூத்தவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "வீட்டுக்காரிக்குச் சொன்னீங்களோ, இண்டைக்குக் குடிபுகுறம் எண்டு?"

"ஓம் அம்மா. காலமையே அடிச்சுச் சொல்லிப்போட்டம்."

அம்மா தலையாட்டிவிட்டுப் பால் வாங்கிக் குடித்தா.

உங்கள் ஊரிலும் இப்படிப் பூட்டிய வீடுகள் இருக்கலாம். அல்லது உங்கள் வீட்டிலேயே இன்று வேறு யாராவது கேட்காமல் இருக்கலாம். இரண்டு பக்கத்து அனுபவங்களையும் எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.